உலகத்தின் கைதவறிப் போனவன்: மாலரின் ஒரு பாட்டைக் கேட்கப் பழகுவது எப்படி

மேற்கத்திய செவ்வியல் இசை கேட்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சிம்பொனியைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரம், நூறு வாத்தியம், நாலு பகுதி. பாதியில் கவனம் சிதறிவிடும், அப்புறம் "இது நமக்கு வராது" என்று விட்டுவிடுவார்கள். நான் கொடுப்பது ஒரு பாட்டு. ஒரு மனிதக் குரல், அதோடு சிறிய ஆர்கெஸ்ட்ரா, மொத்தமே 6 அல்லது 7 நிமிடம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1901 ஆகஸ்டில் எழுதியது. ஜெர்மனில் அதன் பெயர் "இஷ் பின் டேர் வெல்ட் அப்ஹாண்டன் கெகோமன்". பெயர் நீளம்தான், ஆனால் அந்தப் பெயருக்குள்ளேயே பாதிப் பாட்டு இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வாரம் இந்த ஒரே பாட்டோடு இருங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். ஒவ்வொரு நாளும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இது எந்த வகை என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனில் "லீட்" என்றால் பாட்டு, பன்மையில் "லீடர்". ஏற்கெனவே அச்சில் இருக்கும் ஒரு கவிதையை எடுத்து, அதன் ஒவ்வொரு வரிக்கும் இசையமைப்பாளர் இசை எழுதுவார். ஷூபர்ட், ஷூமன் என்ற முந்தைய இசையமைப்பாளர்களின் காலத்தில் குரலும் பியானோவும் மட்டும்தான், வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்கிற அளவு. அதே பாட்டு பெரிய அரங்குக்குப் போனபோது பியானோ இருந்த இடத்துக்கு ஆர்கெஸ்ட்ரா வந்தது. பிரான்ஸில் பெர்லியோஸ் முன்பே செய்து பார்த்தார், ஜெர்மன் மொழியில் மாலரும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸும் அதை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். இது ஓபரா இல்லை. வேஷம் இல்லை, கதை இல்லை, நடிப்பு இல்லை. ஒருவர் அசையாமல் நின்று ஒரு கவிதையைப் பாடுகிறார், அவ்வளவுதான்.

சரி, முதல் வேலை: சரியான பதிவைத் தேடிப் பிடிப்பது.

யூடியூபிலோ வேறு எந்தச் செயலியிலோ மாலர் பெயரோடு "ரூக்கெர்ட் லீடர்" என்று தேடினால் கிடைக்கும். ஃப்ரீட்ரிஷ் ரூக்கெர்ட் என்ற கவிஞரின் வரிகளுக்கு மாலர் தனித்தனியாக எழுதிய 5 பாடல்களுக்குப் பொதுவான பெயர் அது. அந்த ஐந்தில் ஒன்றுதான் நம் பாட்டு. இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். ஒன்று, மாலர் இதைப் பியானோவுக்கும் எழுதியிருக்கிறார், ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதியிருக்கிறார், இரண்டும் இணையத்தில் கலந்து கிடக்கும். நமக்கு இப்போது வேண்டியது ஆர்கெஸ்ட்ரா. இரண்டு, ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஐந்து பாட்டுக்கும் மாலர் வரிசை எதுவும் வைக்கவில்லை, ஒவ்வொரு பாடகரும் தனக்குப் பிடித்த வரிசையில் பாடுகிறார்கள். சில ஆல்பங்களில் நம் பாட்டு முடிந்த கையோடு "உம் மிட்டர்நாஹ்ட்" வந்துவிடும். அது நல்ல பாட்டுதான், ஆனால் அதில் வயலின் குடும்பமே கிடையாது, முடிவில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து முழங்கும். இந்தப் பாட்டின் கடைசி அமைதியில் இருக்கிற காதுக்கு அது அடி மாதிரி விழும்.

யாருடைய பதிவு? முதல் தடவைக்கு ஜேனட் பேக்கர் பாடி, ஜான் பார்பிரோலி நடத்திய நியூ பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவின் பதிவு, 1969. ஏன் இது என்றால், இதில் அவசரம் என்பதே இல்லை, குரல் வாத்தியங்களுக்கு மேலே ஏறி நிற்காமல் அவற்றுக்கு நடுவில் இருக்கிறது. மற்ற பதிவுகளைப் பிறகு பார்க்கலாம்.

கேட்கும் நேரத்தையும் இடத்தையும் கொஞ்சம் யோசித்து வையுங்கள். பஸ்ஸில் வேண்டாம், சமைத்துக்கொண்டும் வேண்டாம். இந்தப் பாட்டின் பெரும்பகுதி மிக மெல்லிய ஒலி, வெளிச் சத்தம் இருந்தால் பாதி வாத்தியம் காதுக்கே வராது. ராத்திரி வீடு அடங்கிய பிறகு, ஹெட்போன் இருந்தால் ஹெட்போனில், ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு. முதல் சில நொடிகள் லேசாகக் கேட்கிறதே என்று சத்தத்தை முழுதாக ஏற்றிவிடாதீர்கள். அது அப்படித்தான் தொடங்க வேண்டும்.

முதல் நாள் எதையும் படிக்காமல் கேளுங்கள். பொருள் தெரியாது, பரவாயில்லை. எங்கே மூச்சு விடத் தோன்றியது, எங்கே கவனம் நழுவியது, இதை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சோகப் பாட்டு மாதிரி இருக்கிறதா, தாலாட்டு மாதிரி இருக்கிறதா என்று உங்களுக்கே ஒரு எண்ணம் வரும், அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வார முடிவில் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள்தான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம். அன்று பாடகரை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு வாத்தியத்தின் பின்னால் மட்டும் போங்கள்.

அதன் பெயர் இங்கிலீஷ் ஹார்ன். ஓபோ என்ற ஊதுகுழலின் அக்கா என்று வைத்துக்கொள்ளலாம், அதைவிட நீளம், அதைவிடக் கீழ்க்குரல், அடிமுனை உருண்டு பேரிக்காய் போல இருக்கும். நாகஸ்வரத்துக்குச் சீவாளி இருப்பதுபோல இதற்கும் வாயில் வைத்து ஊத இரட்டை நாணல் உண்டு, ஆனால் நாகஸ்வரத்தின் வீச்சு இதில் கிடையாது, மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி ஒரு நாதம். பாட்டைத் தொடங்குவதே இதுதான். முதலில் இரண்டே சுரம். நிற்கும். பிறகு அந்த இரண்டோடு இன்னொன்று சேரும், மறுபடி தயங்கும், அதற்கப்புறம்தான் மெட்டு மெல்ல நீண்டு ஒரு முழு வரியாகும். பேச வாயெடுத்து, வார்த்தை கிடைக்காமல் நிறுத்தி, மறுபடி தொடங்குகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஹார்ப் என்ற நரம்பு வாத்தியம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும்.

கர்நாடக இசை கேட்ட காது என்றால் இங்கே ஒன்று சட்டென்று பிடிபடும். இந்தத் தொடக்க மெட்டு நிற்பது மோகனத்தின் அதே ஐந்து சுரங்களில். மந்தர பஞ்சமத்தில் தொடங்கித் தைவதம், பிறகு ஷட்ஜம் என்று ஏறும். ஆனால் மோகன ராகமாக அதைப் பின்தொடர்ந்து போகாதீர்கள், கமகம் இல்லை, சஞ்சாரம் இல்லை, அடியில் மற்ற வாத்தியங்களின் சுரக்கூட்டு மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றத்தால்தான் அதே சுரம் ஒரு தடவை நிம்மதியாகவும் இன்னொரு தடவை ஏக்கமாகவும் கேட்கிறது. பழகிய ஐந்து சுரத்தைப் பிடித்துக்கொண்டு பழகாத வீட்டுக்குள் நுழைய ஒரு வாசல், அந்த அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

ஏறத்தாழ ஒரு நிமிடம் இப்படி வாத்தியங்கள் மட்டும். பிறகு குரல் வரும்போது புதிதாக எதையும் தொடங்குவதில்லை, இங்கிலீஷ் ஹார்ன் விட்ட அதே மெட்டை வாங்கிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த ராத்திரி நான் பாட்டை நிறுத்திவிட்டு மூன்று தடவை அந்த இடத்துக்கே திரும்பிப் போனேன். ஆர்கெஸ்ட்ரா பக்கவாத்தியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இங்கே பேசத் தொடங்கியதே அதுதான், வார்த்தையை மட்டும் குரல் கொண்டுவருகிறது. ஆர்கெஸ்ட்ராவோடு எழுதிய பாட்டுகளைக் கேட்பதற்கு எனக்குக் கிடைத்த சாவி இதுதான், இன்றுவரை எந்தப் புதிய பாட்டைக் கேட்டாலும் முதலில் "குரலுக்கு முன்னால் பேசுகிறவர் யார்?" என்றுதான் தேடுகிறேன்.

மற்ற வாத்தியங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு. ஓபோ 1, இங்கிலீஷ் ஹார்ன் 1, கிளாரினெட் 2, பஸூன் 2, ஹார்ன் 2, ஹார்ப், வயலின் குடும்பம். புல்லாங்குழல் இல்லை, டிரம்பெட் இல்லை, மேளம் எதுவும் இல்லை. 1910இல் தன்னுடைய எட்டாவது சிம்பொனியை ஆயிரம் பேரளவு பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து முதன்முதலாக மேடையேற்றிய அதே மனிதர்தான் இதையும் எழுதினார் என்று நினைத்துப் பார்த்தால், எதை வேண்டாம் என்று விட்டார் என்பதே ஒரு பாடம்.

மூன்றாம் நாள் கவிதை. கீழே இருப்பது நானே செய்த தமிழ், பாடுவதற்கல்ல, பொருளுக்காக:

உலகத்தின் கையிலிருந்து நான் தவறிப் போனேன்,
அதனோடு எத்தனையோ காலத்தைப் பாழாக்கியவன்.
வெகுநாளாய் என்னைப் பற்றி ஒரு சேதியும் அதற்கு இல்லை,
செத்துப் போய்விட்டான் என்றே அது நம்பலாம்.

செத்தவன் என்று அது நினைத்தாலும்
எனக்கு அதில் ஒன்றுமில்லை.
மறுத்துச் சொல்லவும் என்னிடம் ஏதுமில்லை,
உண்மையாகவே உலகத்துக்கு நான் செத்தவன்தான்.

உலகத்தின் சந்தடிக்கு நான் செத்தவன்,
அமைதியான ஓர் இடத்தில் இளைப்பாறுகிறேன்.
என் வானத்தில் தனியாக வாழ்கிறேன்,
என் அன்பில், என் பாட்டில்.

தலைப்பில் வரும் "அப்ஹாண்டன்" என்ற சொல்லுக்குள் கை இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் குடையையோ சாவியையோ எங்கோ வைத்துத் தொலைத்தால் சொல்கிற சொல் அது. தமிழில் "கைதவறிப் போச்சு" என்கிறோமே, கிட்டத்தட்ட அதுவேதான். அதனால் இந்த ஆள் உலகத்தைத் துறந்து கோபமாகக் கிளம்பிப் போனவர் இல்லை, யாரும் கவனிக்காத நேரத்தில் உலகத்தின் பையிலிருந்து நழுவி விழுந்தவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த முதல் இரண்டு சுரத்தை மறுபடி கேளுங்கள்.

இன்னொன்று. "செத்த" என்று பொருள்படும் "கெஷ்டார்பன்" 12 வரிக்குள் 4 தடவை வருகிறது. அதைப் பார்த்துவிட்டு இது மரணப் பாட்டு, ஒப்பாரி என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாலு தடவையும் அந்தச் சொல் எப்படிப் பாடப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள், எங்கேயும் அழுகை இல்லை. கடைசி மூன்று வரியில் அவர் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார். ரூக்கெர்ட் இதை எழுதியதும் காதல் கவிதைகளின் தொகுப்பில், தனக்கு மனைவியாகப் போகிற லூயிசேயை நினைத்து, 1821 வாக்கில். அவர் கீழை மொழிகளைக் கற்பித்த பேராசிரியர், சமஸ்கிருதம் தெரிந்தவர், நளன் தமயந்தி கதையை ஜெர்மனில் கவிதையாக்கியவரும் அவர்தான். அவருடைய மூலத்தில் "எனக்குள்ளும் என் வானத்திலும் வாழ்கிறேன்" என்று இருந்த வரியை மாலர் "தனியாக என் வானத்தில்" என்று மாற்றிக்கொண்டார். சின்ன மாற்றம்தான், ஆனால் காதலன் பேசிய கவிதை அந்த ஒரு சொல்லில் ஒரு கலைஞன் பேசுகிற கவிதை ஆகிவிட்டது.

நான்காம் நாள், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஜெர்மன் வரிகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், உச்சரிப்பு வராவிட்டாலும் கண் கூடவே போகட்டும். மூன்று பத்திக்கும் மூன்று நடை. முதல் பத்தி மிக மெதுவாக, தயங்கித் தயங்கி. இரண்டாவதில் கொஞ்சம் ஓட்டம் வரும், பேச்சு மாதிரி, "எனக்கு அதில் ஒன்றுமில்லை" என்று தோளைக் குலுக்குகிற தொனி. மூன்றாவதில் மறுபடி அந்த மெதுவான நடை, ஆனால் இப்போது தயக்கம் போய்விட்டது, இடம் வந்து சேர்ந்த ஆளின் நடை.

இரண்டாவது பத்தியில்தான் புதிதாகக் கேட்கிறவர்களுக்குக் கவனம் நழுவும். மெட்டு கைக்கு அகப்படாமல் நகர்வதால் அப்படி. பொறுத்துக்கொள்ளுங்கள், அது கடந்துபோக வேண்டிய இடம்.

ஐந்தாம் நாள் மூச்சைக் கேளுங்கள். உண்மையாகவே, பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை மட்டும். இவ்வளவு மெதுவான பாட்டில் ஒரு வரியை ஒரே மூச்சில் முடிப்பது பெரிய சிரமம். உரக்கப் பாடினாலாவது காற்றைத் தள்ளிவிடலாம், இங்கே அதுவும் முடியாது. மாலரின் தோழி நடாலி பவர்-லெக்னர் எழுதி வைத்த குறிப்பில், இந்தப் பாட்டின் உணர்வு உதடு வரை ஏறி வரும், ஆனால் உதட்டைத் தாண்டாது என்று மாலர் சொன்னதாக இருக்கிறது. "இது நானேதான்" என்றும் சொல்லியிருக்கிறார். உதட்டைத் தாண்டாத உணர்வை இரண்டாயிரம் பேர் அரங்கின் கடைசி வரிசைவரை கேட்க வைப்பதுதான் பாடகரின் வேலை. கடைசி வரியில் "லீபன்" என்ற சொல்லுக்கு வாருங்கள், அன்பு. மற்ற பாட்டென்றால் உச்சத்தில் குரல் ஓங்கும். இங்கே குரல் மேலே ஏறும்போதே மெலிகிறது. அந்த ஓர் இடத்துக்காக எத்தனை பாடகர்களை வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து "லீட்" என்ற சொல்லோடு குரல் முடிந்துவிடும், பாட்டு முடியாது. இங்கேதான் பலர் நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறார்கள். வேண்டாம். இங்கிலீஷ் ஹார்ன் திரும்ப வருகிறது, தொடக்கத்தில் தடுமாறியவர் இப்போது தடுமாறவில்லை, வயலின்கள் தரையில் கால் வைக்கத் தயங்குவதுபோல ஒரு சுரத்தில் தொங்கி நின்று, மெல்ல இறங்கி, ஒலி எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி மறையும். முடிந்த பிறகும் பத்து நொடி ஹெட்போனைக் கழற்றாதீர்கள். நேரில் கச்சேரியில் கேட்க வாய்த்தால் இசை நடத்துனரின் கை முழுதாக இறங்கும்வரை கைதட்டக் கூடாது. பல பாட்டுகளை ஒரு கோவையாகப் பாடினால் நடுவில் தட்டும் வழக்கமும் இல்லை, எல்லாம் முடிந்த பிறகுதான்.

ஆறாம் நாள் இன்னொரு குரல். காத்லீன் ஃபெரியர், வியன்னா பில்ஹார்மோனிக், நடத்தியவர் புரூனோ வால்டர், 1952 மே. வால்டர் இளைஞராக மாலரிடமே உதவியாளராக வேலை பார்த்தவர். ஃபெரியர் அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார், அடுத்த ஆண்டு அக்டோபரில் 41 வயதில் இறந்தார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டு கனத்துவிடும், அதனால்தான் முதல் நாளே சொல்லவில்லை. பழைய மோனோ பதிவு, பின்னணியில் லேசான இரைச்சல் இருக்கும், இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும். ஆண் குரலில் வேண்டுமென்றால் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ, கார்ல் போம் நடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக் பதிவு, 1963. வார்த்தையை அவர் அளவுக்குத் தெளிவாகச் சொல்கிறவர் குறைவு, ஜெர்மன் வரியைக் கண்ணால் தொடர்ந்து பார்க்க இதுதான் வசதி. இது பெண்களுக்கான பாட்டு என்று பதிவுகளைப் பார்த்தால் தோன்றலாம், ஆனால் 1905 ஜனவரி 29 அன்று வியன்னாவில் முதன்முதலாக இந்தப் பாடல்களில் நான்கு அரங்கேறியபோது பாடியவர்கள் எல்லாரும் ஆண்கள். அதையும் மாலர் பெரிய அரங்கில் வைக்காமல் சின்ன அரங்கில் வைத்தார்.

ஏழாம் நாள் பின்னணியைப் படிக்கலாம், இப்போது படித்தால்தான் அது பாட்டோடு ஒட்டும். 1901இல் மாலருக்கு 41 வயது, வியன்னா அரசவை ஓபராவின் இயக்குநர், பருவம் முழுக்க ஒத்திகை, நிர்வாகம், சண்டை. அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று பகலில் ஒரு கச்சேரியும் மாலையில் ஒரு ஓபராவும் நடத்திவிட்டு வீடு திரும்பியவருக்கு ராத்திரி ரத்தப்போக்கு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. பிழைத்தார். இசை எழுதக் கோடை விடுமுறை மட்டும்தான் அவருக்கு. ஆஸ்திரியாவின் தெற்கே வோர்த்தர்சே ஏரிக்கரையில் மையர்னிக் என்ற ஊரில் வீடு, அதற்கு மேலே காட்டுக்குள் ஓர் ஒற்றை அறைக் குடில், காலையில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். அந்தக் குடில் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அந்தக் கோடையின் வேலை எல்லாம் முடிந்து, மிச்ச நாள் ஓய்வு என்று இருந்தபோது இந்தக் கவிதை அவரைப் பிடித்துக்கொண்டது. சந்தடியில் மிச்சமில்லாமல் உழைத்து, சாவின் விளிம்புவரை போய்வந்த ஒருவர் காட்டுக்குள் உட்கார்ந்து "உலகத்தின் கையிலிருந்து தவறிப் போனேன்" என்று எழுதுகிறார், இதில் எனக்குக் கேட்பது பெரும்பாலும் நிம்மதிதான். முதல் நாள் எழுதி வைத்த தாளை இப்போது எடுத்து, உங்களுக்கு என்ன கேட்டிருந்தது என்று பாருங்கள்.

அடுத்த வாரத்துக்கு: மாலரின் ஐந்தாவது சிம்பொனியில் நான்காவது பகுதி, "அடாஜியெட்டோ". வயலின் குடும்பமும் ஹார்ப்பும் மட்டும், குரல் இல்லை, ஆனால் நம் பாட்டின் ரத்த உறவு என்று முதல் அரை நிமிடத்திலேயே காது சொல்லிவிடும். கொஞ்சம் வெளிச்சமாக ஏதாவது வேண்டுமென்றால் ஸ்ட்ராஸின் "மோர்கன்", 4 நிமிடம், அதில் குரலுக்கு முன்னால் பேசுவது ஒரு தனி வயலின். இரண்டும் பழகிய பிறகு மாலரின் "தாஸ் லீட் ஃபோன் டேர் ஏர்டே". அதன் கடைசிப் பாட்டு மட்டுமே அரை மணி நேரம், அதைத் தனியாக ஓர் இரவுக்கு எடுத்து வையுங்கள், அதிலும் ஓபோவின் பின்னாலிருந்தே தொடங்குங்கள்.